பாயின் தாளைப் பார்த்து எழுதினேன்

ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்குப் பொறாமை வருவதில் தப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தால் வரும். கூட வேலை பார்ப்பவரின் பையன் வெளிநாடு போனால் வரும். எனக்கும் இதெல்லாம் அந்தந்த வயதில் ஒழுங்காக வந்து போயிருக்கிறது. ஆனால் போன வருடம் வந்த பொறாமையை நான் வெளியே சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். நான் பொறாமைப்பட்டது அன்வர் பாயின் மூத்திரப்பையைப் பார்த்து.

(பார்த்து என்பது பேச்சுக்குச் சொன்னது. நேரில் பார்த்தது அறுவை செய்த டாக்டர் மட்டும்தான். அவர் எங்கள் இருவருடையதையும் ஒரே நாளில் பார்த்திருக்கிறார். எது அழகு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். இருபத்தெட்டு வருடமாக திரவ அழுத்தம் பாடம் நடத்தி வருகிறேன். அந்தப் பாடம் என்னிடமே திரும்பி வரும் என்று நினைக்கவில்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் கூடுதலாக இருந்தது. அங்கிருந்து ஸ்கேன், அங்கிருந்து சதைப் பரிசோதனை. கடைசியில் சென்னையில் ஒரு டாக்டர், "புராஸ்டேட்ல கேன்சர். ஆரம்ப நிலைதான், எடுத்துட்டா போதும்" என்றார். நான் கேட்டது இரண்டாவது சொல்வரைதான். ஆரம்பம், போதும் எல்லாம் என் மனைவி கலாவதி பேருந்தில் திரும்பி வரும்போது மறுபடி மறுபடி சொல்லித்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஒரே மகள் நிவேதாவுக்கு வரன் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு தாம்பரம். நல்ல மனிதர்கள். நல்ல மனிதர்கள் என்பதாலேயே பயமாக இருந்தது. பெண்ணின் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? நாளைக்குப் பிறக்கப்போகிற பேரப்பிள்ளைவரை கணக்குப் போட்டுப் பார்ப்பார்களே. நானும் கலாவும் உட்கார்ந்து யோசித்து, குடலிறக்கத்துக்கு அறுவை என்று சொல்லிவிட்டோம். நிவேதாவுக்கு இது பிடிக்கவில்லை. "பின்னாடி தெரிஞ்சா அசிங்கம்பா" என்றாள். பின்னாடி என்பது எவ்வளவு சீக்கிரம் வரும் என்று அப்போது எங்கள் மூவருக்குமே தெரியாது.

மருத்துவமனையில் என் அடுத்த கட்டில் அன்வர் பாய். அறுபத்து மூன்று வயது. காஞ்சிபுரத்தில் ஜரிகை வியாபாரம். என் வீட்டிலிருந்து அவர் கடைக்கு நடந்தால் எட்டு நிமிடம். இத்தனை வருடம் அறிமுகம் இல்லாத இரண்டு பேர், எழுபது கிலோமீட்டர் தள்ளிப்போய், ஒரே உறுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு டியூபும் பையுமாகப் பழக்கமானோம்.

டியூபை எடுத்த அன்றைக்குத்தான் அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கை என்றால் என்ன என்று தெரிந்தது. எழுந்தால் ஒழுகும். உட்கார்ந்தால் ஒழுகும். இருமல், தும்மல், சிரிப்பு எல்லாவற்றுக்கும் ஒழுகும். பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண், சிறுநீரை அடக்குவது போல உள்ளே இறுக்கிப் பத்து எண்ணச் சொன்னார். நான் வகுப்பில் பாடத்தின் நடுவே நிறுத்தி, ஜன்னலைப் பார்த்தபடி பத்து எண்ணுவேன். சார் ஏதோ ஆழமாக யோசிக்கிறார் என்று பிள்ளைகள் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

கூடவே இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு ஒழுகுகிறது என்று உள்ளே வைத்துக்கொள்ளும் பேட் ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதி வர வேண்டும். வீட்டில் சமையலறைத் தராசு இருந்தது. அதைத் தொட்டால் கலா வீட்டை விட்டே போய்விடுவாள். விஷயம் கேள்விப்பட்டு பாய் தன் கடையிலிருந்து ஒரு பழைய எலக்ட்ரானிக் தராசைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஜரிகை எடை போட்டது சார். ஒரு கிராம்கூட தப்பாது. எங்கிட்ட இன்னொண்ணு இருக்குது, நான் அதுல போட்டுக்கறேன்."

அன்றிலிருந்து தினமும் காலை ஏழரைக்குத் தொலைபேசி. "சார், இன்னிக்கு எவ்ளோ?" என்பார். நான் "நூத்தி நாப்பது பாய்" என்பேன். "நம்முளுது தொண்ணூறு சார்." (எதிர்வீட்டு அம்மா இதைக் கேட்டுவிட்டு, நாங்கள் மகள் கல்யாணத்துக்குத் தினமும் நூறு கிராமுக்குக் குறையாமல் தங்கம் வாங்குவதாகத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். என்னைப் பார்த்தும் பொறாமைப்பட ஒரு ஆள் இருந்தது அப்போது தெரியாமல் போயிற்று.)

நான் வாத்தியார். வரைபடத் தாள் வாங்கினேன். என் அளவுக்கு நீலக்கோடு, பாயின் அளவுக்குச் சிவப்புக்கோடு. சிவப்புக்கோடு மாடிப்படி இறங்குவது போல இறங்கியது. தொண்ணூறு, அறுபது, முப்பத்தைந்து, பன்னிரண்டு. நீலக்கோடு நூற்றிருபதில் கடையைப் போட்டு உட்கார்ந்துவிட்டது. என்னைவிட ஏழு வயது மூத்தவர். சர்க்கரை உள்ளவர். எப்படி?

ஒருநாள் கேட்டே விட்டேன். "தொழுகைக்குப் போவணுமே சார்" என்றார் பாய். "ஒழுகினா ஒவ்வொரு வாட்டியும் துணி மாத்தி, கை கால் மொகமெல்லாம் கழுவி ஒளு செஞ்சிக்கினு போவணும். முடியாதவங்களுக்கு அதுக்கு சலுகை இருக்குது. ஆனா எனக்கு பள்ளிவாசல்ல எப்பவும் போல நிக்கணும். அதான் ஒவ்வொரு தொழுகை முடிஞ்சதும் அந்தப் பொண்ணு சொன்னத பத்து வாட்டி பண்றேன். அஞ்சு வேளை, தவறாம."

அவருக்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு இருந்த காரணம், அவரைவிடக் குறைவாக ஒழுக வேண்டும் என்பது மட்டும்தான். ஏழாவது வாரம் பாயின் எண் பூஜ்யம் ஆனது. "பேட் விட்டுட்டேன் சார். அல்லாவோட கிருபை" என்றார். "ரொம்ப சந்தோஷம் பாய்" என்று சொல்லி வைத்துவிட்டு, வரைபடத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் பொறாமை. காஞ்சிபுரத்தில் ஏறி சென்னைவரை நின்றுகொண்டே வரும் நடத்துனரைப் பார்த்தால் பொறாமை. திருகினால் சட்டென்று நிற்கும் தெருக்குழாயைப் பார்த்தால் பொறாமை. கோயில் யானை சன்னதித் தெருவின் நடுவில் ஊரறியப் பெய்துவிட்டு நடந்தது, மக்கள் ஒதுங்கி நின்று அதையும் கும்பிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

வீட்டில் கலாவும் சும்மா இருக்கவில்லை. "பாய் சைக்கிள் ஓட்டுறாராம். பாய் பேத்திய தூக்கிக்கினு மாடி ஏர்றாராம். நீங்க சேருக்கு அடியில பேப்பர் விரிச்சிக்கினு உக்காந்திருக்கீங்க." அறுவைக்கு முன்னால் அவள் என்னை எந்த ஆணோடும் ஒப்பிட்டதில்லை. ஒப்பிட ஆரம்பித்ததும் இதிலா ஒப்பிட வேண்டும்?

மூன்றாவது மாதம் பரிசோதனைக்குச் சென்னை போனோம். நானும் பாயும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ரத்தம் எடுத்த பிறகு நர்ஸ் ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுத்தார். மேலே 'வாழ்க்கைத் தரம்' என்று அச்சடித்திருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை பேட்? வெளியூர் போகத் தயங்குகிறீர்களா? பிறரோடு இருக்கும்போது சங்கடப்படுகிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும்.

மதிப்பெண் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. உண்மையான விடையை எழுதினால் நான் தோற்றுவிடுவேன் என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்தது. இருபத்தெட்டு வருடம் தேர்வறையில் நடந்து, எத்தனையோ பிள்ளைகளின் கழுத்தைத் திருப்பி நேராக வைத்தவன் நான். அந்த நான் மெல்லச் சாய்ந்து பாயின் தாளைப் பார்த்தேன். பேட்: பூஜ்யம். நானும் பூஜ்யம். வெளியூர்: தயக்கம் இல்லை. எனக்கும் இல்லை. சங்கடம்: இல்லவே இல்லை. எனக்கும் இல்லவே இல்லை. (அப்போது நான் இரண்டு பேட் கட்டிக்கொண்டிருந்தேன்.)

கடைசிப் பக்கத்தில் தாம்பத்தியம் பற்றி ஐந்து கேள்விகள். பாய் சிறிது நேரம் பேனாவைப் பார்த்துவிட்டு, ஐந்துக்கும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். நானும் ஒரு கோடு இழுத்தேன். தாள் முழுவதிலும் காப்பி அடிக்காமலே எனக்குச் சரியாக வந்திருக்கக்கூடிய விடை அது ஒன்றுதான்.

டாக்டர் என் தாளைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "பிரமாதம் சார். ரத்த ரிப்போர்ட்டும் சுத்தமா இருக்கு. இனிமே பேடே வேண்டாம்" என்றார். கலா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்தேன்.

நான்கு நிமிடத்தில் என்னை அனுப்பிவிட்டார்கள். அடுத்து பாய் போனார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். வெளியே உட்கார்ந்து நான் பொருமிக்கொண்டிருந்தேன். நன்றாகத் தேறியவரோடு டாக்டருக்கு உட்கார்ந்து பேசப் பிடிக்கிறது, என்னிடம் மட்டும் அவசரம். பாய் வெளியே வந்தபோது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் அன்று வழியெல்லாம் அதிகம் பேசவில்லை. அதையும் கர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, வெயில் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வந்தார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை. முகூர்த்தப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டு உரிமை. ஆனால் உள்ளூர்க்காரர்கள் என்பதால் ஜரிகை அசலா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு எங்களுடையது. "அதுக்கு பாயை வரச் சொல்லியிருக்கேன்" என்றாள் கலா. ஊரில் வேறு ஜரிகைக்காரரே இல்லையா என்று கேட்க வாய் வரை வந்தது.

கிளம்பும்போது பீரோவின் அடித்தட்டைத் துழாவினேன். காலி.

"என்னா தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"அந்தப் பாக்கெட்ட கீழ்வீட்டு ஆயாவுக்குக் குடுத்துட்டேன். நீங்கதான் டாக்டர்கிட்ட பூஜ்யம்னு எழுதிக் குடுத்தீங்களே."

இரண்டு வாரப் பொய்யில் முதல் முறையாக உண்மையைச் சொல்ல வாய்ப்பு வந்தது. "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டு, அவள் எடுத்து வைத்திருந்த சந்தன நிற பேன்ட்டைப் போட்டுக்கொண்டேன். நீலம் துவைக்கப் போயிருந்தது. அதாவது, என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே நிறம்.

பட்டுக்கடை எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. சுவரோடு சுவராக வெள்ளை மெத்தை. தரையில் உட்கார வேண்டும். உறைபனி ஏசி. நான் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளே இறுக்கிப் பத்து எண்ண ஆரம்பித்தேன். எதிரே சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். சம்மணம் போட்டு, முதுகு நிமிர்த்தி, கோபுர பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சம்பந்தியம்மாள், நிவேதா, கலா. என் வலப்பக்கத்தில், மடியில் ஒரு மஞ்சள் பையோடு பாய்.

புடவைகள் பறந்து வந்து விழுந்தன. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். காபி வந்தது, வேண்டாம் என்றேன். கலர் சோடா வந்தது, வேண்டாம் என்றேன்.

"இன்னா சம்பந்தி, எதுவும் சாப்பிட மாட்டேன்றீங்க?" என்றார் எதிரே இருந்த சம்பந்தி.

"விரதம்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமையா?"

கலா என்னை முறைத்தாள். இரண்டரை மணி நேரமாகச் சம்பந்தி ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. அந்த மனிதருக்கு உள்ளே இருப்பது பையா, ஏரியா? பாய்மேல் இருந்த பொறாமையில் பாதியை எடுத்து அவருக்குக் கொடுத்தேன்.

வெயிலுக்கு இதமாக நீர்மோர் வந்தது. பெரிய பெரிய எவர்சில்வர் தம்ளர். வேண்டாம் என்று சொல்லும் முன் என் முன்னால் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். அதே நேரத்தில் நிவேதா ஒரு புடவையைப் பார்த்து, "அம்மா, இது" என்றாள். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. அவள் அவ்வளவு மெதுவாக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சம்பந்தியம்மாளுக்கும் பிடித்துவிட்டது. கடைக்காரர் முழுவதும் விரித்தார். முந்தி வந்து என் மடியில் விழுந்தது. பாய் குனிந்து ஜரிகை இழை ஒன்றைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அசல்தான்மா. தைரியமா எடுங்க."

சொல்லிவிட்டு ஏசிக் காற்றில் ஒரு தும்மல் போட்டார். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது, கடை அதிரும்படி. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வேட்டியைப் பார்த்தேன். சொட்டு இல்லை. மூன்று தும்மலுக்கு ஒரு சொட்டுகூட இல்லை. என் வயிறு எரிந்த எரிச்சலில் எனக்கும் தும்மல் வந்துகொண்டிருப்பதை நான் கவனிக்கவில்லை. தும்மலுக்கு முன் இறுக்க வேண்டும் என்பது முதல் பாடம். பொறாமைப்படும்போது இறுக்க முடியாது என்பதை பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண் சொல்லித் தரவில்லை.

தும்மினேன்.

அடுத்த இரண்டு நொடிகளில் நான் நினைத்தவற்றை வரிசையாகச் சொல்ல முடியும். சூடு பரவுகிறது. பேன்ட் சந்தன நிறம். மெத்தை வெள்ளை. மடியில் முகூர்த்தப் புடவை. எதிரே, எனக்குக் குடலிறக்கம் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம். இந்தக் கல்யாணம் என் மடியில் இருக்கிறது. முன்னால் ஒரு தம்ளர் மோர்.

முந்தியை ஒரு கையால் விலக்கி, மறு கையால் மோரை எடுத்து என் மடியில் கவிழ்த்தேன்.

கணக்கு சரி. திரவங்களைப் பற்றி எனக்குத் தெரியாததா? ஒரே பிழை, தம்ளர் நான் நினைத்ததைவிடப் பெரியது. மோர் என் மடியை நனைத்து, தொடையில் ஏறி, கொத்தமல்லித் தழையோடு முந்தியின் மேல் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் போய் நின்றது.

நிவேதா புடவையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சம்பந்தியம்மாள் முந்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"முகூர்த்தப் பொடவை மேல..."

"என் கை பட்டுடுச்சும்மா" என்றார் பாய். "தம்ளரை தட்டி வுட்டுட்டேன். மன்னிச்சிடுங்க. சார், எழுந்திரிங்க, பேன்ட்டெல்லாம் மோரு." சொல்லிக்கொண்டே தன் தோள் துண்டை நான் உட்கார்ந்திருந்த இடத்தில் போட்டு மூடி, கடைக்காரரிடம் ஒரு வேட்டி கேட்டு வாங்கி, என்னைக் கைப்பிடித்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

குளியலறைக்குள் நான், கதவுக்கு வெளியே அவர். கதவு இடுக்கு வழியாக மஞ்சள் பையை நீட்டினார். உள்ளே ஒரு பேட்.

"பாய், நீங்கதான் விட்டுட்டீங்களே. இது எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"எனக்கு இல்ல சார். உங்களுக்குத்தான்."

"எனக்கா?"

"அன்னிக்கு என் பேப்பரைப் பாத்துத்தானே எழுதினீங்க. நான்கூட கொஞ்சம் சாய்ச்சு வெச்சேன், வாத்தியாரு கழுத்து சுளுக்கிக்கப் போவுதேன்னு. ஏசி கடை, மூணு மணி நேரம் ஆவும்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. அதான் ஒண்ணு எடுத்து போட்டுக்கினு வந்தேன்."

அவமானத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல், மூன்று மாதமாக உள்ளே கிடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். "உங்களப் பாத்தா வயிறு எரியுது பாய். மூணு தும்மல் போட்டீங்க. ஒரு சொட்டு இல்ல."

வெளியே கதவில் அவர் சாய்வது தெரிந்தது.

"சார்" என்றார் பிறகு. "அன்னிக்கு டாக்டர் மேஜை மேல உங்க ரிப்போர்ட் இருந்துச்சு. பாக்கக் கூடாதுதான். பாத்துட்டேன். ரத்தத்துல அந்த கேன்சர் நம்பரு உங்களுது சைபரு பக்கத்துல இருக்குது. என்னுது எறங்கல. மறுபடி எடுத்தாங்க, ஏறியிருக்குது. ரேடியேஷன், அதான் கரண்டு வெக்கணும்னு சொல்லிட்டாரு. வீட்ல இன்னும் சொல்லல. பேட்டு நனைஞ்சா மாத்திக்கலாம் சார். எனக்கு அன்னிலேர்ந்து உங்க தாளைப் பாத்து எழுத முடியாதான்னு இருக்குது."

நான் ஒரு கால் வேட்டிக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்றுகொண்டிருந்தேன். அந்த இருபது நிமிடம் ஞாபகம் வந்தது. வெளியே உட்கார்ந்து பொருமிய நாற்காலி ஞாபகம் வந்தது. வேட்டியை எப்படிக் கட்டினேன் என்று தெரியாது.

நாங்கள் திரும்பி வந்தபோது சம்பந்தியம்மாள் கலாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஜரிகை பாக்க வந்தவரு இப்படிக் கொட்டிட்டாரே. நல்ல காரியத்துல முதல்லயே தடங்கல் மாதிரி இருக்குதுமா." பாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அந்தத் தலையை என்னால் பார்க்க முடியவில்லை.

"பாய் கொட்டலம்மா" என்றேன். "நான் கொட்டினேன். தெரிஞ்சேதான் கொட்டினேன். எனக்குப் பண்ணது குடலிறக்கம் இல்ல. கேன்சர். எடுத்தாச்சு, இப்ப ரத்தத்துல ஒண்ணும் இல்ல. ஆனா தும்மினா ஒழுகுது. அதை மறைக்கத்தான் மோர்."

புடவை மடித்துக்கொண்டிருந்த கடை ஆட்கள் நான்கு பேரும் மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். கலா கண்ணை மூடிக்கொண்டாள். நிவேதா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தியம்மாள் முந்தியில் ஒட்டியிருந்த கொத்தமல்லித் தழையை எடுத்துப் போட்டார்.

"எதுக்கு மறைச்சீங்க?"

"பொண்ணு கல்யாணம் நின்னுடுமோன்னு பயம்மா."

"எங்க மாமியாருக்கு கேன்சர்னு மாரை எடுத்தாங்க" என்றார் அவர். "அதுக்கப்புறம் பதினாறு வருஷம் இருந்தாங்க. நாங்களும்தான் உங்ககிட்ட சொல்லல." பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினார். "இதைக் கழுவிக் குடுத்துடுவீங்களாப்பா? இதையே எடுக்கறோம். மோர்தானே, குளிர்ச்சிதான்."

பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த சம்பந்தி அப்போதுதான் முதல் முறையாக அசைந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து என் காதருகே வந்தார். "சம்பந்தி, அந்த ரூம் எந்தப் பக்கம்? ஒன்றரை மணி நேரமா அடக்கிக்கினு இருக்கேன். பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி எழுந்து போவ ஒரு மாதிரியா இருந்துச்சு."

வழி காட்டினேன். ஏறக்குறைய ஓடினார்.

கல்யாணம் நடந்தது. அந்தப் புடவையில்தான் நடந்தது. உற்றுப் பார்த்தால் முந்தியின் உள்பக்கம் ஒரு நிழல் தெரியும். நிவேதா அதைத்தான் வருகிறவர்களிடமெல்லாம் முதலில் காட்டுகிறாள், ஜரிகையை அல்ல. விருந்தில் மோர் வந்தபோது மாப்பிள்ளை என் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்க குடிங்க, நான் புடிச்சுக்கறேன்" என்றார். அது இன்றுவரை நிற்கவில்லை. எங்கள் வீட்டில் யார் மோர் ஊற்றினாலும், என் தம்ளரைப் பிடிக்க ஒரு கை வந்துவிடும். எதிர்வீட்டு அம்மாவுக்குக்கூடக் காரணம் தெரியும்.

பாய்க்கு ஏழு வாரம் கரண்டு வைத்தார்கள். தொடங்குவதற்கு முதல் நாள் அவர் வீட்டில் விஷயத்தைச் சொல்ல நானும் கூடப் போய் உட்கார்ந்தேன். விடுமுறையாக இருந்த நாட்களில் சென்னைக்கும் போனேன். கரண்டு வைப்பதற்கு முன் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு ஆடாமல் படுக்க வேண்டுமாம். பாய் சுலபமாகப் படுத்தார். வெளியே உட்கார்ந்திருந்த எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. (பொறாமை இன்னும் முழுதாகக் குணமாகவில்லை.) பாதியில் அவருக்கும் மறுபடி கொஞ்சம் ஒழுக ஆரம்பித்தது. இப்போது காலையில் இரண்டு பேரும் எடை சொல்லிக்கொள்கிறோம். என்னுடையது பதினெட்டு, அவருடையது ஒன்பது. இன்னும் அவர்தான் முன்னால்.

போன மாதம் இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குப் போனோம். கேள்வித்தாளோடு வந்த நர்ஸிடம் கலா, "இவங்க ரெண்டு பேரையும் தள்ளித் தள்ளி உக்கார வைங்கமா, ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதுவாங்க" என்றாள். நர்ஸ் சிரித்தார், நாங்கள் நகரவில்லை. நான் பேட் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினேன். தாம்பத்தியத்துக்கு இந்த முறையும் கோடுதான்.

பாயின் ரத்தத்தில் எண் இறங்கியிருக்கிறது. என் அளவுக்கு இல்லை. இன்னும் இறங்க வேண்டும், மூன்று மாதம் பார்ப்போம் என்றிருக்கிறார் டாக்டர். தாளில் கடைசிக் கேள்வி, வரப்போகிற நாட்களைப் பற்றி எவ்வளவு நம்பிக்கையோடு இருக்கிறீர்கள் என்பது. பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். நான் எட்டு என்று எழுதினேன். பக்கத்தில் பாயின் பேனா நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் கழுத்து மெதுவாக என் பக்கம் சாய்வது தெரிந்தது.

நான் தாளின் மேலிருந்த கையை எடுத்துவிட்டேன். கழுத்து சுளுக்கிக்கொள்ளாமல் இருக்க, கொஞ்சம் சாய்த்தும் வைத்தேன்.